கடன் கிடைக்கிறது, கடை போட இடம் கிடைக்கிறதா?

(அனுமந்தன்பட்டியில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உத்தமபாளையத்திலிருந்து இந்த ஊர் வழியாகக் கம்பம் போகும் சாலைதான் குமுளி தாண்டிக் கேரளத்துக்கும் போகிறது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் வரிசையாகப் போகும். அந்த நேரத்தில் சாலையோரம் ஒரு தள்ளுவண்டி நிறுத்த முடிந்தால், பன்னீர் திராட்சை விற்றே ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும். அந்த ஆறடி இடத்தில் யார் நிற்கலாம் என்பதை முடிவு செய்வது யார்? இதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் கடன். 2020 ஜூனில், ஊரடங்குக் காலத்தில், ஒன்றிய அரசு பி.எம். ஸ்வநிதி திட்டத்தைக் கொண்டுவந்தது. சாலையோர வியாபாரிக்குப் பிணையில்லாமல் வங்கி 10,000 ரூபாய் தரும். ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 20,000, பிறகு 50,000. 2025இல் முதல் தவணையை 15,000 ஆகவும், இரண்டாவதை 25,000 ஆகவும் உயர்த்தி, 2030 மார்ச் வரை திட்டத்தை நீட்டித்திருக்கிறார்கள். இதை நாம் குறைத்துப் பேசக் கூடாது. கையில் 9,000 கொடுத்துவிட்டு, நாளுக்கு 100 வீதம் நூறு நாளில் 10,000 வசூலிக்கும் தண்டல்காரரிடமிருந்து விடுபட வங்கிக்கடன் ஒரு வழிதான்.

ஆனால் வங்கி பணம் தரலாம், தெருவில் இடம் தராது. அந்த இடத்தில் சாதி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவினாசி அருகே அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணை, சமைக்கவே கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள். அரசு வேலை, அரசு அடுப்பு, அரசு அரிசி. அப்போதே இந்த நிலைமை. அதே பெண் சொந்தக் காசில் கடைவீதியில் இட்லிக்கடை போட்டால் என்ன நடக்கும்? கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் பங்கு முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றுபோனது. படிப்பு இருந்தும் சந்தையில் சாதி நின்று மறிக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அதனால்தான் 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டத்தை நாம் கையில் எடுக்க வேண்டும். அது மாநகராட்சிக்கு மட்டுமான சட்டமல்ல, பேரூராட்சிக்கும் பொருந்தும். ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுப்பு நடத்த வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது பிரிவு 3(3). சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதித் தர வேண்டும். அழுகும் பொருளாக இருந்தால், உரியவர் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது நகர விற்பனைக் குழு. எங்கே விற்கலாம், யாருக்குச் சான்றிதழ் என்பதெல்லாம் இந்தக் குழு வழியாகத்தான் போக வேண்டும். அதில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும். அதிகாரி பார்த்துப் போடும் ஆட்கள் அல்ல, வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய இடம் தர வேண்டும். போலீசும் வங்கியும் அதே குழுவில் உட்கார வேண்டும். கடன் கேட்டு வங்கி வாசலில் நிற்கும் பெண், வங்கி அதிகாரிக்குச் சமமாக நாற்காலி போட்டு உட்காரச் சட்டம் வழி செய்திருக்கிறது தோழர்களே! கடனைப் பற்றி ஊரெல்லாம் விளம்பரம் செய்கிறார்கள். இந்த நாற்காலியைப் பற்றி யாராவது விளம்பரம் செய்து பார்த்திருக்கிறீர்களா?

இன்னொன்று, காசுக் கணக்கு. பல ஊர்களில் சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஏலம் விடுகிறார்கள். ஏலத்தொகை உள்ளாட்சிக்கு வருமானம். ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தைக் கூடைக்காரம்மாவிடம்தான் எடுப்பார். காலையில் சுங்கச்சீட்டு கிழிக்கும்போது அவர் வியாபாரி. மாலையில் வண்டியை அகற்ற வரும்போது அவரே ஆக்கிரமிப்பாளர். உள்ளாட்சிக்குக் காசு கட்டும் மனிதருக்கு, கட்டணத்தை முடிவு செய்யும் இடத்தில் குரல் வேண்டாமா?

உங்களால் ஒரு வேலை செய்ய முடியும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் பேரூராட்சிக்கு நான்கு கேள்விகள் அனுப்புங்கள். கடைசியாகக் கணக்கெடுப்பு நடந்தது எப்போது? விற்பனைக் குழுவுக்குத் தேர்தல் நடந்ததா, உறுப்பினர்களில் பெண்கள் எத்தனை பேர், பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? ஸ்வநிதிக்குப் பரிந்துரைத்த விண்ணப்பங்களில் வங்கி திருப்பியனுப்பியவை எத்தனை? சுங்க ஏலத்தில் வந்த தொகை எவ்வளவு, அதில் வியாபாரிகளின் நிழலுக்கும் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் செலவழித்தது எவ்வளவு?

பதில் வந்ததும் அதை உங்களிடமே வைத்துக்கொள்ளாதீர்கள். வண்டி வண்டியாகப் போய்ப் படித்துக் காட்டுங்கள். அடுத்த தேர்தலில் அந்த நாற்காலிக்குப் போட்டியிட அவர்களில் ஒருவரைத் தயார் செய்யுங்கள்.