டயாலிசிஸுக்கு முன்பே கையைக் காப்போம்

 

நம் களமருதூரில் சர்க்கரையும் பிரஷரும் இல்லாத வீடு குறைவு. கிட்னியைப் பழுதாக்குவதில் இந்த இரண்டுக்கும்தான் பெரும் பங்கு. "டயாலிசிஸ் தேவைப்படலாம்" என்று டாக்டர் சொன்னதும் நாம் செலவைப் பற்றிக் கவலைப்படுகிறோம். கையைப் பற்றி யோசிப்பதில்லை.

டயாலிசிஸ் மெஷினுக்கு நிமிடத்துக்கு 200 முதல் 300 மில்லி ரத்தம் ஓட வேண்டும். சாதாரணமாக ஊசி போடும் குழாயில் அவ்வளவு வராது. ஆகவே கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைக்கிறார்கள். அதுதான் ஃபிஸ்டுலா. 1966இல் நியூயார்க்கில் பிரெசியா, சிமினோ உள்ளிட்ட டாக்டர்கள் வெளியிட்ட முறை இது. பெரும்பாலும் கையை மட்டும் மரக்கச் செய்து முடித்துவிடுவார்கள்.

ஆனால் தைத்த அன்றே அதைப் பயன்படுத்த முடியாது. சிரை தடித்து வலுப்பெற 6 வாரம் முதல் 3 மாதம் ஆகும். கடைசி நேரத்தில் ஓடினால் கழுத்தில் டியூப் போடுவதைத் தவிர வழியில்லை. அந்த டியூப் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

வயதானவர்களுக்குக் குழாய் மெலிந்து, சுண்ணாம்பு படிந்திருக்கும். மணிக்கட்டில் தைத்தது சிலருக்கு வளராமல் போகும். முழங்கை அருகே செய்ய வேண்டி வரும். இதயம் பலவீனமானவர்களுக்கு ஃபிஸ்டுலாவே கூடுதல் சுமையாகலாம். அவர்களுக்கு டியூப்போ, வீட்டிலேயே செய்யும் வயிற்று டயாலிசிஸோ பொருந்தலாம். வயிற்று டயாலிசிஸுக்கான பைகளை 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே தருகிறது. எது நல்லது என்பதை அத்தாவிடமும் அம்மாவிடமும் கேட்டு, டாக்டரோடு மஷூரா செய்து முடிவெடுங்கள். பிள்ளைகள் மட்டும் கூடி முடிவெடுப்பது முறையல்ல.

நாம் செய்ய வேண்டியவை:

கிட்னி பழுது என்று தெரிந்த நாளிலிருந்தே அதிகம் பயன்படுத்தாத கையை ஒதுக்கி வையுங்கள். அதில் ரத்தம் எடுக்கவோ குளுக்கோஸ் ஏற்றவோ வேண்டாம் என்று நர்ஸிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

ஃபிஸ்டுலா போட்ட பிறகு அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது. இறுக்கமான வளையல், வாட்ச் வேண்டாம். அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்க வேண்டாம்.

தினமும் ஃபஜ்ருக்கு எழுந்ததும் தைத்த இடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். நின்றுவிட்டால் அடைப்பு. அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் கசிந்தால் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கிளம்புங்கள், 108ஐ அழையுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் இப்போதே விண்ணப்பியுங்கள். கள்ளக்குறிச்சி, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கோ ஜிப்மருக்கோ போக வர வாகனச் செலவுக்குச் சிரமப்படும் குடும்பம் உங்கள் தெருவில் இருந்தால் ஜமாஅத்தில் சொல்லுங்கள். வாரம் இரண்டு மூன்று முறை துணைக்குப் போக ஓர் ஆள் கிடைப்பதும் பெரிய ஸதகாதான்.

அல்லாஹ் நம் பெரியவர்களுக்கு ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.