கடற்கரைக்குப் போகும்போது தண்ணீர்



கடையநல்லூரிலிருந்து திருச்செந்தூர் கடலுக்குப் போகிறோம். அம்மா இடுப்பில் பிள்ளை, கையில் பை. தாகமெடுத்தால் தண்ணீர் எடுக்கக் கை ஏது? வார் வைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் மாட்டினால் இன்னும் நல்லது!

"ஒதுங்க இடமில்லை" என்று பெண்கள் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. மூத்திரத்தை அடக்கினால் கிருமி தங்கி எரிச்சல் வரும். கர்ப்பிணிக்கு இது ஆகவே ஆகாது. போய் இறங்கியதும் கழிப்பிடம் எங்கே என்று கணவர் விசாரித்து வைக்கட்டும்.

ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பாலே தண்ணீர். ஆகவே தாய் கூடுதலாகக் குடிக்கணும். உப்புப் போட்ட நீர்மோரும் எடுத்துப் போகலாம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. குடித்தால் தாகம்தான் கூடும்.

பிள்ளை சோர்ந்து, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகவில்லையென்றால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.