படம் யாருடையது?

ஒரு போட்டோவைப் பற்றிப் பேசுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேக்கணும். யார் எடுக்கச் சொன்னது? யாருக்காக எடுத்தது? இப்ப அது யார் கையில இருக்கு?

1850இல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ரென்ட்டி என்ற கறுப்பின அடிமையையும் அவர் மகள் டெலியாவையும் இன்னும் சிலரையும் துணியைக் களைய வைத்துப் படம் எடுத்தார்கள். எடுக்கச் சொன்னவர் ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசி. கறுப்பர்கள் தாழ்ந்த தனி இனம் என்று நிறுவ அவருக்குச் சாட்சி தேவைப்பட்டது. அங்கே கேமரா ஆண்டையின் கையாள்.

நான் வங்கியில கிளார்க். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒட்டின பாரங்களைத் தினமும் பார்க்கிறவன். அந்தப் படம் ஆளை அடையாளம் காட்டும், அவ்வளவுதான். அடுத்தவன் நம்மை அடையாளம் காட்டுறது வேற, நம்ம அடையாளத்தை நாமே நிறுவுறது வேற.

இந்த வித்தியாசம் ஃபிரெடரிக் டக்ளஸுக்குத் தெரிந்திருந்தது. அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பி வந்தவர். அவரே விரும்பிப் போய் கேமரா முன் உட்கார்ந்தார். ஏறக்குறைய 160 படங்கள் கிடைத்துள்ளன. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அதிகம் படம் எடுக்கப்பட்டவர் அவர்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அவற்றில் அவர் சிரிப்பது அபூர்வம். பல்லிளிக்கும் அடிமை என்று வெள்ளையர் வரைந்த கேலிச்சித்திரத்துக்கு அந்த முகமே மறுப்பு.

பிறகு நியூயார்க்கின் ஹார்லெம். ஜேம்ஸ் வான் டெர் ஸீ என்ற கறுப்பர் அங்கே ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாண ஜோடிகள், குழந்தைகள், சங்கத்துக்காரர்கள் என எல்லாரும் நல்ல உடுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். மார்கஸ் கார்வி இயக்கத்தின் ஊர்வலங்களையும் அவர் 1924இல் எடுத்தார். நெகட்டிவில் கை வைத்து நகைகூட வரைந்து கொடுப்பார். 1932இல், பொருளாதார நெருக்கடி நேரத்தில், ரோமக்கோட்டு போட்ட ஒரு ஜோடியைக் கெடிலாக் காரோடு எடுத்தார்.

கோட்டும் காரும் காட்டினா விடுதலை வந்துடுமான்னு நீங்க கேப்பீங்க. வராது. ஆனா அந்தப் படத்துக்குக் காசு கொடுத்தவர் கறுப்பர், எடுத்தவர் கறுப்பர், அது தொங்கினது கறுப்பர் வீட்டுச் சுவரில். முதல் ரெண்டு கேள்விக்கும் பதில் மாறிப்போச்சு.

மூணாவது கேள்விதான் இன்னும் பாக்கி. 1969இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஹார்லெம் பற்றிக் கண்காட்சி நடத்தியது. கறுப்பு ஓவியர்களின் ஓவியங்களுக்கு அதில் இடமில்லை. அவர்கள் வாசலில் மறியல் செய்தார்கள். உள்ளே வான் டெர் ஸீயின் படங்களைக் கூட்டம் வியந்து பார்த்தது. அதே ஆண்டு அவர் குடியிருந்த இடத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்.

ரென்ட்டியின் வாரிசு நான் என்று டமாரா லேனியர் 2019இல் ஹார்வர்டு மீது வழக்குப் போட்டார். 2025இல்தான் அந்தப் படங்களை விட்டுக்கொடுக்க ஹார்வர்டு ஒப்புக்கொண்டது. நூத்தி எழுபத்தஞ்சு வருஷம் ஆச்சு, தோழர்களே. நம்மை நாமே படம் எடுத்தா மட்டும் போதாது. பெட்டிச் சாவியும் நம்ம கையில இருக்கணும்.