பழைய கன்சோலுக்குக் கணினித் திரை

நின்டென்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம் 1983இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது, படம் காட்ட அது நம்பியிருந்தது வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைத்தான். சேகாவின் மெகா டிரைவ், சூப்பர் ஃபேமிகாம், பிளேஸ்டேஷன் என்று அடுத்தடுத்து வந்த கன்சோல்களும் அப்படியே. அந்தக் குழாய் டிவிகள் பெரும்பாலும் வீடுகளை விட்டுப் போய்விட்டன. கன்சோல்கள் மட்டும் இன்னும் ஓடுகின்றன. அவற்றைக் கணினி மானிட்டரில் இணைத்து விளையாடுவது உலகெங்கும் பொறுமையும் நுட்பமும் கேட்கும் ஒரு தனிக் கலையாக வளர்ந்திருக்கிறது.

சிக்கல் வேகத்தில் தொடங்குகிறது. குழாய் டிவியில் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒரு கோடு வரையும், பிறகு அடுத்த கோட்டுக்கு இறங்கும். இப்படி நொடிக்கு ஏறத்தாழ 15,700 கோடுகள் விழும். ஐபிஎம் 1987இல் கொண்டுவந்த விஜிஏ முறையிலோ நொடிக்கு 31,500 கோடுகள், அதாவது இரு மடங்கு. பெரும்பாலான கணினி மானிட்டர்கள் இதற்குக் குறைந்த வேகத்தை ஏற்பதில்லை. அதனால், கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு கேபிளின் முனை மானிட்டரில் கச்சிதமாகப் பொருந்தினாலும் திரை கறுப்பாகவே இருக்கும். முனை பொருந்துவது வேறு, சிக்னல் பொருந்துவது வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் கேபிள் வாங்கிக் குவித்தவர்கள் ஏராளம்.

1998இல் வெளிவந்த சேகாவின் ட்ரீம்காஸ்ட் இதற்கு நல்ல விதிவிலக்கு. அது விஜிஏ வேகத்திலேயே, 640க்கு 480 என்ற அளவில், படத்தை அனுப்ப வல்லது. விஜிஏ பெட்டி என்ற சிறு இணைப்பான் ஒன்று போதும். சோல்காலிபர் போன்ற விளையாட்டுகள் மானிட்டரில் துல்லியமாகத் தெரியும். விஜிஏ முறையை ஏற்காத விளையாட்டுகள் சில உண்டு. ஆனாலும் அந்தக் காலத்துக் கன்சோல்களில் கணினித் திரையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது இதுதான் என்று துணிந்து சொல்லலாம்.

மற்றவற்றுக்கு, முதலில் பார்க்க வேண்டியது கன்சோலிலிருந்து என்ன சிக்னல் வருகிறது என்பது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று தலை கொண்ட ஏவி கேபிள் தமிழ்நாட்டு வீடுகளுக்கும் பழக்கமானது. டிவிடி பிளேயரோடு வந்தது அதுதான். இதில் மஞ்சள் தலையில் போவது காம்போசிட் சிக்னல். வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து போவதால் எழுத்தின் ஓரங்களில் நிறம் கசியும், கோடுகளின் விளிம்பில் புள்ளிகள் ஊரும். எஸ்-வீடியோ அந்த இரண்டையும் தனித்தனிக் கம்பியில் அனுப்புகிறது. ஆர்ஜிபியில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி. மெகா டிரைவும் சூப்பர் ஃபேமிகாமும் தொடக்கத்திலிருந்தே ஆர்ஜிபி தருபவை. ஐரோப்பிய டிவிகளில் ஸ்கார்ட் என்ற 21 முனை இணைப்பு இருந்ததால் அங்கே பலர் அந்தத் தெளிவை அப்போதே கண்டார்கள். சாதாரண ஃபேமிகாமில் ஆர்ஜிபி கிடையாது.

அடுத்தது கன்சோல்களின் ஒரு தந்திரம். அமெரிக்க, ஜப்பானிய ஒளிபரப்பில் ஒரு படத்துக்கு 525 கோடுகள். ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு முறை, இரட்டைப்படைக் கோடுகள் மறுமுறை என்று பின்னிப் பின்னி வரும். பழைய கன்சோல்கள் இந்தப் பின்னலைக் கைவிட்டு, சுமார் 240 கோடுகளை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வரைந்தன. படம் நடுங்காமல் நின்றது. கோடுகளுக்கு இடையே மெல்லிய கறுப்பு இடைவெளியும் விழுந்தது. மலிவான எச்டிஎம்ஐ மாற்றிகளுக்கு இந்தத் தந்திரம் புரிவதில்லை. வருவது பின்னல் படம் என்று எண்ணி, அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அடிபட்ட வீரன் ஒரு படம் விட்டு ஒரு படம் தோன்றி மினுங்குவது அந்தக் கால விளையாட்டுகளின் வழக்கம். இந்த மாற்றியின் வழியே பார்த்தால் அவன் பாதி கரைந்த நிழலாகத் தெரிவான், சில நேரம் அடியோடு மறைந்தே போவான்.

காலதாமதம் அதைவிடப் பெரிய குறை. ஒரு படம் திரையில் நிற்பது நொடியில் 60இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 17 மில்லி செகண்ட். மாற்றி ஒன்றிரண்டு படங்களைச் சேமித்துவைத்துப் பிறகு அனுப்பினால், பொத்தானை அழுத்திச் சற்றுக் கழித்துத்தான் மாரியோ தாவுவது கண்ணுக்குத் தெரியும். அதற்குள் பள்ளம் வந்துவிடும். இந்தக் குறையைத் தீர்த்தவை கோடு பெருக்கும் கருவிகள். ஓஎஸ்எஸ்சி எனப்படும் கருவி முழுப் படத்தையும் சேமிப்பதில்லை. வந்த கோட்டையே இரண்டு முதல் ஐந்து முறை வரை உடனுக்குடன் திருப்பி அனுப்புகிறது. அதன் வடிவமைப்பு யாரும் பார்த்துச் செய்துகொள்ளும்படி வெளிப்படையாக வைக்கப்பட்டிருப்பது போற்றத்தக்கது. ஐந்து மடங்கு பெருக்கினால் 240 கோடுகள் 1200 ஆகின்றன. 1600க்கு 1200 அளவுள்ள பழைய நான்குக்கு மூன்று மானிட்டரில் அது ஒரு கோடு கூடாமல் குறையாமல் உட்காரும். 1080 கோட்டுத் திரையிலோ மேலும் கீழும் சேர்த்து மூலப் படத்தின் 240 கோடுகளில் 24 வெட்டுப்படும். அகலத் திரை முழுவதும் பரவும்படி படத்தை இழுத்துவிட்டால் வட்டம் நீள்வட்டமாகும்; நான்குக்கு மூன்று என்ற விகிதத்தைக் காப்பதே முறை.

ஐரோப்பிய விற்பனைக்கான கன்சோல்கள் நொடிக்கு 50 படம் அனுப்புபவை. பல மானிட்டர்கள் 56க்குக் கீழே ஏற்காததால் வாங்கும் முன் மானிட்டரின் விவரக் குறிப்பைப் பார்ப்பது அவசியம். ஸ்பீக்கர் இல்லாத மானிட்டருக்கு ஒலியைத் தனியே ஆம்ப்ளிஃபயருக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

தெளிவை மட்டும் வைத்து இந்தக் கலையை எடை போடக் கூடாது. 1991இல் வந்த சோனிக் விளையாட்டின் முதல் கட்டத்தில் ஒரு நீர்வீழ்ச்சி உண்டு. அதை வரைந்தவர்கள் செங்குத்துக் கோடுகளை ஒன்று விட்டு ஒன்று வைத்தார்கள். காம்போசிட்டின் கசிவில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் இருப்பது தெரியும் தண்ணீராகிவிடும். ஆர்ஜிபியில் பார்த்தால் தண்ணீர் இல்லை, வெறும் கோடுகள்தான். குறையுள்ள கம்பியையும் தூரிகையாக்கிக்கொண்ட ஓவியர்கள் அவர்கள். எழுத்து மிகுந்த விளையாட்டுக்கு ஆர்ஜிபி, இத்தகைய ஓவியத்துக்குக் காம்போசிட் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பவரே இந்தக் கலையில் தேர்ந்தவர்.

இந்தக் கருவிகளால் முடியாதது ஒன்று உண்டு. ஃபேமிகாமின் டக் ஹன்ட் விளையாட்டின் துப்பாக்கி, விசையை இழுத்ததும் திரை கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒளிரும் அந்தக் கணத்தை எலெக்ட்ரான் கற்றையின் வேகத்திலேயே எதிர்பார்க்கிறது. எல்சிடி திரையின் ஒளி அந்த வேகத்தில் துடிப்பதில்லை. குறி எவ்வளவு சரியாக இருந்தாலும் வாத்து விழாது.

ட்ரீம்காஸ்டுக்கு விஜிஏ பெட்டி, ஆர்ஜிபி தரும் கன்சோலுக்குக் கோடு பெருக்கும் கருவி, காம்போசிட் மட்டும் தரும் கன்சோலுக்கு அதை ஏற்கும் ரெட்ரோடிங்க் வகைக் கருவி ஆகியவை நம்பிச் செலவிடத் தக்கவை. மலிவு மாற்றிக்குக் கொடுக்கும் பணம் வீண். வேலை செய்யும் குழாய் டிவி ஒன்று வீட்டில் இருந்தால், பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாமல் அதைக் காப்பாற்றி வைத்திருப்பது நல்லது.