பிரேக் ஹோஸுக்கும் வயது உண்டு

(குடியிருப்போர் நலச்சங்கக் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுக்ககத்தில் லாரி பிரேக் பற்றி எதற்குப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நம்மில் சிலர் தொழிலுக்காகப் பழைய 407, ஐச்சர் வைத்திருக்கிறீர்கள். கோடையில் தண்ணீர் லாரி வாசல் வரை வருகிறது. வீடு மாறும்போது சாமான் வண்டி வருகிறது. அவை வந்து நிற்கும் இடத்தில்தான் நம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். வெளியே போனால், செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளம் போகும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. புளியரை எஸ் வளைவில் பார லாரிக்குப் பின்னால் போகாதவர் நம்மில் குறைவு.

பழைய வண்டி என்றால் டயரைப் பார்க்கிறோம், லைனிங்கைப் பார்க்கிறோம். பிரேக் ஹோஸை மறந்துவிடுகிறோம். 407 மாதிரி ஆயில் பிரேக் வண்டியில் பெரும்பாலும் மூன்றே ஹோஸ்தான். முன் சக்கரத்துக்கு ஒன்று வீதம் இரண்டு. பின் அச்சுக்கு நடுவில் ஒன்று. அந்தப் பின் ஹோஸ் பாடிக்கு அடியில் மறைந்திருப்பதால், அதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள்.

ரப்பர் வெளியே வெடித்தால் கண்ணுக்குத் தெரியும். உள்ளே கெட்டால் தெரியாது. உள் சுவர் உப்பியோ உரிந்தோ போனால், மிதிக்கும்போது ஆயில் போகும்; காலை எடுத்ததும் திரும்பி வராது. அந்தச் சக்கரம் பிடித்தபடியே ஓடும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தாலோ, பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, மெக்கானிக்கிடம் ஹோஸையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று கெட்டால் அதே வயதுள்ள மற்றவையும் அந்த நிலைக்கு அருகில்தான் இருக்கும். வாங்கும்போது ஹோஸ் மேல் தயாரிப்புத் தேதி அச்சாகியிருந்தால் பாருங்கள். கடையில் கிடந்தாலும் ரப்பர் முதிரும். செம்பு வாஷர் புதிதாகப் போட வேண்டும். மாட்டிய பின் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஹோஸ் முறுக்கவில்லை, டயரில் உரசவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஏர் எடுத்து முடித்ததும், பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூட்டுகளில் கசிவு பாருங்கள். அழுத்திய பெடல் மெல்லக் கீழே இறங்கினால், வெளியே கசிவு இல்லாவிட்டாலும் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் சேர்ந்த பின் அந்த வரம்பு 140 டிகிரியாகிவிடுகிறது. மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் மிதித்தால் சூடேறி, ஆயில் கொதித்து ஆவியாகும். அப்போது மிதித்தாலும் பெடல் வெறுமனே இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது நல்லது. அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் அத்தனையும் உப்பிக் கெட்டுவிடும். ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு இறங்கும் ஓட்டுநர், ஏறிய கியரிலேயே இறங்கட்டும்.

பெரிய தண்ணீர் லாரிகளில் ஏர் பிரேக். டேங்கில் காற்று நிரம்பியதும் இன்ஜினை நிறுத்திக் காது கொடுத்தால், ஹோஸ் கசிவு 'ஸ்ஸ்' என்று கேட்கும். சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடத்தில் நுரை வரும்.

'எஃப்.சி. இருக்கிறதே' என்பார்கள். 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். ஆனால் அது சோதனை நடந்த அன்றைய நிலையைத்தான் சொல்லும். அடுத்த மாதம் ஹோஸ் வெடித்தால் அந்தத் தாள் வண்டியை நிறுத்தாது.

சங்கத்துக்கு மூன்று கோரிக்கைகள். கோடைக்குத் தண்ணீர் லாரி பேசும் முன், வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டு எஃப்.சி. தேதியைப் பார்ப்போம். ஹோஸ் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று உரிமையாளரிடம் கேட்போம். உள்ளே நிற்கும் எந்த லாரிக்கும் சக்கரத்தில் கட்டை வைக்கக் காவலாளியிடம் இரண்டு மரக்கட்டைகள் கொடுத்துவைப்போம். சொந்தமாக வண்டி வைத்திருப்பவர்கள் அடுத்த சர்வீஸில் அந்தப் பின் ஹோஸைக் கேட்டுப் பாருங்கள்.