கண்ணுக்குள் ஒரு மடை



கண்ணுக்குள் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாது ஊறுகிறது. ஊறும் அளவே வடியவும் செய்கிறது. வடிகால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் உயரும். பொதுவாக 10 முதல் 21 பாதரச மில்லிமீட்டர் வரை இயல்பான அளவாகும். அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு பழுதுபடுவதையே கண் அழுத்த நோய் என்கிறோம். பெரும்பாலும் வலி இராது. இழந்த பார்வையோ மீளாது.

சொட்டு மருந்துக்கு நோய் அடங்காதபோது மருத்துவர் அறுவைச் சிகிச்சையை நாடுகிறார். இன்றும் பரவலாக உள்ள முறையை 1968இல் கெய்ர்ன்ஸ் என்னும் மருத்துவர் விவரித்தார். வெள்விழியில் மெல்லிய மடல் ஒன்றை எடுத்து, அதன் அடியில் சிறு துளையிட்டு, மடலை மீண்டும் நைலான் இழையால் தைத்து விடுவர். மடலின் ஓரமாக நீர் கசிந்து வெளியேறும்.

அந்தத் தையலின் இறுக்கத்தில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. பால்மரம் வெட்டும் உங்களுக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. கத்தி ஆழப் போனால் மரம் காயப்படும். மேலோடு போனால் பால் வராது. தையல் தளர்ந்திருந்தால் நீர் மிகுதியாக வடிந்து கண் தொய்ந்து போகும்; இறுகியிருந்தால் அழுத்தம் குறையாது. ஆகவே முதலில் சற்று இறுக்கித் தைத்து, பின்னர் தேவைக்கேற்பத் தளர்த்துவர்.

அதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கண்ணைத் திறந்து அறுக்காமலே லேசர் ஒளியால் இழையை ஒவ்வொன்றாகத் துண்டிப்பது. இரண்டாவது, இழையின் நுனியைக் கருவிழி ஓரத்தில் விட்டுவைத்து, வேண்டும்போது இடுக்கியால் உருவி எடுப்பது. மூன்றாவது, இழையை நீக்காமல் சிறிது சிறிதாக நெகிழ்த்துவது.

ஆனால், வெட்டிய பட்டை மீண்டும் வளர்வதுபோல் கண்ணின் புண்ணும் ஆறித் தழும்பாகும். தழும்பு முற்றிய பிறகு தையலை நீக்கியும் பயன் குறைவு. எனவே முதல் சில வாரங்களே முக்கியமானவை.

"ஒரு நாள் சம்பளம் போகுமே" என்று தவணையைத் தவறவிடுவோர் உண்டு. மருத்துவர் எம்.சி. வழங்கினால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்புக்கு வகை செய்கிறது. தவணை நாளில் தவறாது செல்லுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள், மருத்துவர் அனுமதிக்கும்வரை பால் வாளி தூக்காதீர்கள். வலியோ, சிவப்போ, மங்கலோ கண்டால் தவணைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் கண்ணைச் சோதித்துக்கொள்வது நன்று. இருக்கும் பார்வையைக் காப்போம்.