குற்றவாளிகள் பட்டியலை ஊருக்குக் காட்டலாமா?

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக ஒரு தீர்மானம் இருக்கிறது. நம் பகுதியில் திருட்டு, பாலியல் குற்றம் போன்ற வழக்குகளில் சிக்கியவர்களின் பெயர், படம், முகவரி மூன்றையும் நம் இணைய இதழிலும் வாட்ஸ்அப் குழுவிலும் வெளியிட வேண்டும் என்பது அந்தத் தீர்மானம். ஓட்டெடுப்புக்கு முன்னால் பேச எனக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கியதற்கு நன்றி.

தீர்மானத்தைக் கொண்டு வந்தவர்களின் பயம் நியாயமானது. ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் வந்த பிறகு நம் ஊர் மளமளவென்று வளர்ந்துவிட்டது. அடுத்த தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்பதே தெரியவில்லை. நாலு நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக யோசிக்க வேண்டியிருக்கிறது. பத்திரிகையில் படப்பை என்ற பெயர் வந்தால், பல சமயம் அது ஒரு ரவுடியின் பெயருக்கு முன்னால் அடைமொழியாகத்தான் வருகிறது. ஆகவே பாதுகாப்பு வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. இந்தப் பட்டியல் அந்தப் பாதுகாப்பைக் கொடுக்குமா என்பதுதான் கேள்வி.

நம்மில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே வீடு பார்க்கும்போது அக்கம்பக்கத்தில் பாலியல் குற்றவாளி யாராவது இருக்கிறாரா என்று இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம், இங்கே ஏன் முடியாது என்று கேட்கிறார்கள். நியூ ஜெர்சியில் 1994-ல் மேகன் கான்கா என்ற ஏழு வயதுச் சிறுமியை எதிர் வீட்டில் இருந்தவன் கொன்றான். அவன் ஏற்கெனவே இதே மாதிரிக் குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவன் என்பது அந்தப் பெற்றோருக்குத் தெரியாது. அந்த வேதனையில்தான் 1996-ல் மேகன் சட்டம் வந்தது. இப்படி வெளியிடுவது தண்டனை அல்ல, நிர்வாக ஏற்பாடுதான் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றமும் 2003-ல் சொல்லிவிட்டது.

நடைமுறையில் என்ன ஆனது? மயாமி பகுதியில், பட்டியலில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்திலிருந்து 2,500 அடிக்குள் குடியிருக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். தண்டனை முடிந்து வந்தவர்களுக்கு ஊருக்குள் வீடே கிடைக்கவில்லை. பல பேர் வருஷக்கணக்கில் ஒரு கடல் பாலத்துக்கு அடியில் கூடாரம் போட்டுக் கிடந்தார்கள். வேலை, வீடு, முகவரி எதுவும் இல்லாத மனிதனைக் கண்காணிப்பது காவல்துறைக்குச் சுலபமா, கஷ்டமா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இங்கிலாந்திலும் 1997 முதல் பதிவேடு இருக்கிறது, ஆனால் அது காவல்துறையிடம் இருக்கிறது. மறுபரிசீலனைக்கு வழியே இல்லாமல் ஒருவரை ஆயுள் முழுக்கப் பதிவேட்டில் வைப்பது மனித உரிமைக்கு ஒவ்வாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னது.

நம் நாட்டிலும் 2018 செப்டம்பரில் மத்திய உள்துறை, பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. தொடங்கும்போதே நாலு லட்சத்துக்கு மேல் பதிவுகள் இருந்தன. அதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பராமரிக்கிறது. விசாரணை அமைப்புகள் மட்டுமே பார்க்க முடியும், பொதுமக்கள் பார்க்க முடியாது.

ஏன் அப்படி வைத்தார்கள் என்பதற்கு ஒரு காரணத்தைச் சொல்கிறேன். அதே காப்பகத்தின் ஆண்டறிக்கையைப் பாருங்கள். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர். குடும்பத்தில் ஒருவர், உறவினர், அண்டை வீட்டுக்காரர் என்றுதான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவரின் படத்தை முகவரியோடு நம் குழுவில் போட்டால், பாதிக்கப்பட்ட குழந்தை யார் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அந்தக் குழந்தையின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்று போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு சொல்கிறது. குழந்தையைக் காப்பாற்றப் போட்ட பட்டியல் குழந்தையையே காட்டிக் கொடுத்துவிடும். இன்னொன்று, சித்தப்பாவின் படம் ஊர் பூராவும் சுற்றும் என்று தெரிந்தால், எத்தனை குடும்பம் புகார் கொடுக்கப் போகும்?

பட்டியல் என்பது நமக்குப் புதிது இல்லை. தமிழ்நாடு இதை முழுசாக அனுபவித்திருக்கிறது. 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டு வந்தான். 1911-ல் திருத்திய சட்டம் நம் மாகாணத்துக்கும் வந்தது. சில சாதிகளில் பிறந்தாலே குற்றவாளி. ஆண்கள் கைரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும், ராத்திரியில் காவல் நிலையத்தில் போய் ஆஜராக வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மாட்டோம் என்று மக்கள் எதிர்த்தார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். அந்த மக்களுக்காக வழக்காடிய ஜார்ஜ் ஜோசப்பை மதுரைப் பக்கம் ‘ரோசாப்பூ துரை’ என்று இன்றும் சொல்வார்கள்.

நம் மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல் போனது, நாடு முழுக்க 1952-ல் போனது. அந்த மக்களைத்தான் இப்போது சீர்மரபினர் என்கிறோம். சட்டம் போனாலும் பெயர் லேசில் போகவில்லை. சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றி உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் கொடுத்த தீர்ப்பிலும், இந்த மக்களைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் பழக்கம் இன்னும் விடவில்லை என்பது பேசப்பட்டது. பட்டியலில் ஏற்றுவது ஒரு நாள் வேலை. இறக்குவதற்கு மூன்று தலைமுறை ஆகிறது.

இப்போது காவல் நிலையங்களில் சரித்திரப் பதிவேடு இருக்கிறது. அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கும் வரம்பு உண்டு. அது காவல்துறையின் உள் ஆவணம், ஊருக்குக் காட்டுவதற்கு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் ஒரு டெல்லி வழக்கில் தெளிவாகச் சொன்னது. அந்த வழக்கில் ஒருவருடைய பதிவேட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் பெயரும் ஏறியிருந்தது. ஏழைகள், ஒடுக்கப்பட்டவர்கள் பெயர் மட்டும் இயந்திரம் போல ஏறுகிறதா என்று பார்க்கும்படி எல்லா மாநிலங்களையும் நீதிமன்றம் கேட்டுக்கொண்டது.

2020 மார்ச்சில் லக்னோவில் அரசாங்கமே போராட்டக்காரர்களின் பெயர், படம், முகவரியோடு சாலையில் பேனர் வைத்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து ஞாயிற்றுக்கிழமையே விசாரித்து, அது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவுக்கு எதிரானது, எடுத்துவிடுங்கள் என்றது. விஷயம் உச்ச நீதிமன்றம் போனபோது அந்த உத்தரவுக்குத் தடை கிடைக்கவில்லை. கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. சட்டத்தின் துணை இல்லாமல் இதைச் செய்ய அரசாங்கத்துக்கே அதிகாரம் உண்டா என்று கேள்வி வரும்போது, பதிவு பெற்ற ஒரு சங்கத்துக்கு எங்கிருந்து அதிகாரம் வரும்? நாளைக்கு அவதூறு வழக்கு வந்தால் கோர்ட்டில் நிற்கப் போவது நம் நிர்வாகிகள்தான்.

நான் சட்டம் படித்தவன் இல்லை, பி.காம். ஆனால் வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்தவன், பட்டியல்களோடுதான் காலம் போனது. ஒரே பெயர், ஒரே இனிஷியலில் ஒரு கிளையில் நாலு கணக்கு இருக்கும். தகப்பனார் பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் ஒத்துப் பார்த்துத்தான் பற்று எழுதுவோம். பணத்துக்கே அத்தனை சோதனை. மானத்துக்கு வாட்ஸ்அப்பில் என்ன சோதனை இருக்கிறது?

கடன் கட்டாதவர் படத்தைப் போடலாமா என்று வங்கித் துறையிலும் இதே சண்டைதான். போடலாம் என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஒரு கூட்டுறவுச் சங்கம் அலுவலக வாசலில் பெயரும் படமும் வைத்தது தவறு என்று 2024 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ரிசர்வ் வங்கி 2016-லேயே ஒரு எல்லை போட்டது. வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏமாற்றியவர் என்று முறைப்படி அறிவிக்கப்பட்டவரின் படத்தை மட்டும் வெளியிடலாம், மற்றவர்கள் படத்தை வெளியிடக் கூடாது.

சிபில் அறிக்கையைப் பாருங்கள். அதுவும் ஒரு பட்டியல்தான். யார் பார்க்கலாம் என்று 2005-ஆம் வருஷத்துச் சட்டம் வரையறுக்கிறது. சம்பந்தப்பட்டவர் வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமாகப் பார்க்கலாம். தப்பு இருந்தால் 30 நாளுக்குள் திருத்த வேண்டும், தாமதமானால் நாளுக்கு நூறு ரூபாய் நஷ்டஈடு. எந்தப் பட்டியலுக்கும் இந்த நாலு கேள்வி உண்டு: யார் ஏற்றினார்கள், யார் பார்க்கலாம், தப்பென்றால் யாரிடம் முறையிடுவது, எப்போது பெயர் இறங்கும்? தீர்மானத்தில் இந்த நாலுக்கும் பதில் இல்லை. ‘வழக்கில் சிக்கியவர்’ என்றால் விடுதலையானவரும் அதில்தானே வருவார்? அவர் படத்தை ஆயிரம் போனிலிருந்து யார் அழிப்பது? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

2018 மே மாதம் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். குழந்தை கடத்துகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் போன 65 வயது அம்மா, போளூர் பக்கம் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதற்காக ஒரு கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அடித்தவர்களும் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள்.

சரி, என்னதான் செய்வது? ஐந்தாவது தீர்மானத்துக்குப் பதிலாக நாலு விஷயங்களை முன்வைக்கிறேன்.

ஒன்று, வாடகைக்கு வருபவர், வீட்டு வேலைக்கு வருபவர் பற்றித் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் கட்டணம் கட்டிச் சரிபார்ப்பு கேட்கலாம். பதில் கேட்டவருக்கு மட்டும் வரும். விண்ணப்பிக்கத் தெரியாதவர்களுக்குச் சங்கம் உதவட்டும்.

இரண்டு, ஊருக்குப் போகிறவர்கள் பூட்டிய வீட்டு விவரத்தைக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவதைப் பழக்கமாக்குவோம். ரோந்து வரும் காவலரின் எண், 112, குழந்தைகளுக்கான 1098 மூன்றும் அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும்.

மூன்று, சிசிடிவி பதிவில் சந்தேகமாக எதைப் பார்த்தாலும் காவல்துறைக்குக் கொடுப்போம், குழுவில் போட வேண்டாம். குழந்தைக்கு ஒரு கொடுமை நடந்தது தெரிந்தால் போக்சோ 19-வது பிரிவின்படி புகார் செய்வது நம் கடமை, மறைப்பது குற்றம். பட்டியல் போடும் ஆர்வத்தை அங்கே காட்டுவோம்.

நாலாவது, நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது. அந்நியர் பற்றிச் சொல்வது போலவே, தெரிந்தவர் தப்பாக நடந்தாலும் பயப்படாமல் அம்மாவிடம் சொல் என்று சொல்லி வைப்போம். சொன்னால் நம்புவோம். எந்தப் பட்டியலும் கொடுக்காத பாதுகாப்பு அது.

தண்டனை கொடுக்க நீதிமன்றம் இருக்கிறது. அது மூன்று வருஷம் என்றால் மூன்று வருஷம்தான், அதை ஆயுள் தண்டனையாக்க நமக்கு உரிமை இல்லை. வெளியே வந்தவர் இந்த ஊரில்தான் வேலை தேட வேண்டும், அவர் பிள்ளைகள் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்க வேண்டும். ஐந்தாவது தீர்மானத்தைக் கைவிட்டு, இந்த நாலையும் ஏற்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.